பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

பகல் பதினொன்றரைக்கு நான் உடப்புசல்லாவை பஸ்ஸில் இருந்து இறங்கி உப தபாலகத்தின் படியேறினேன். மழை இல்லை. பனி மட்டும் ரோட்டோரத்துத் தேயிலையை மூடியிருந்தது. எதிரே ரொட்டிக் கடையில் சம்பல் அரைக்கும் வாசம். நான் சொல்லப்போகும் கதைக்கு இதைவிடச் சாதாரணமான தொடக்கம் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல பசி, தோளில் தோட்டத்துத் தப்பால் பை, கொண்டக்டர் மீதிக் காசு தராமல் போய்விட்டானே என்ற எரிச்சல்.

ஊசிமலைத் தோட்டத்தில் என்னைத் தப்பால் இக்னேசியஸ் என்பார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கி, மலை ஏற முடியாமல் போன பிறகு பெரிய துரை போட்டுக் கொடுத்த வேலை இது. பதினெட்டு வருஷமாகிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்குத் தெருப் பெயரும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. ஆள் பெயர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான் விலாசம். எங்கிருந்து யார் எழுதினாலும் அது உப தபாலகத்தில் தோட்டத்துப் பெட்டியில் வந்து விழும். நான் போய் அள்ளிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகையோ கோர்ட்டு நோட்டீஸோ, லயத்தில் முதலில் தெரிவது எனக்குத்தான்.

பதிவுத் தபால்தான் கரைச்சல். அதோடு ஒரு அட்டை ஒட்டி வரும். 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்ற கோட்டுக்கு மேலே, யார் பெயருக்கு வந்ததோ அவர் ஒப்பமிட வேண்டும். அந்த அட்டை அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஆனால் பெண்கள் அந்த நேரத்தில் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கையெழுத்துக்காக டவுனுக்கு வந்தால் அன்றைக்குச் சம்பளம் போச்சு. ஆகவே நானே போட்டுவிடுவேன். போஸ்ட்மாஸ்டருக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். மேல் டிவிஷனில் மட்டும் நாற்பது பெண்களின் கையெழுத்து எனக்குப் பாடம். "அண்ணே, என் கையெழுத்த என்னைய விட நீங்கதான் வடிவா போடுறீங்க" என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு. உண்டு என்ன, இருந்தது.

அன்று நான்கு பதிவுத் தபால்கள். போஸ்ட்மாஸ்டர் மாத்தயா நான்கு அட்டைகளையும் வரிசையாகத் தள்ளினார். பஸ் கட்டணத்தைப் பற்றி அவரிடம் சிங்களத்தில் புலம்பிக்கொண்டே நான்கிலும் போட்டேன். மூன்றாவது கையெழுத்து கிருஷாந்தியுடையது. கடைசி எழுத்துக்குக் கீழே வால் மாதிரி ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோட்டையும் இழுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து கடிதங்களை டிவிஷன்வாரியாக அடுக்கும்போதுதான் அந்தப் பெயரைப் படித்தேன்.

கிருஷாந்தியை அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி அவள். முப்பத்திரண்டு வயது. புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்பு கொழும்புக்குப் போனவன், சாவுக்குக்கூட வரவில்லை. ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்தபோது மற்றவர்கள் கீழே ஓடினார்கள், அவள் எதற்கோ மேலே ஓடினாள். தூக்கிக்கொண்டு வந்தபோது முகத்தில் கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. கடிக்கு மருந்தென்று யாரோ சுண்ணாம்பை அப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவளுடைய போன் ஓடும்போது எங்கோ விழுந்தது. தேடியும் கிடைக்கவில்லை.

அவள் தலையில் ஒரு லோன் இருந்தது. ஒரு கம்பெனி லயத்துக்கே வந்து பெண்களுக்குக் கொடுக்கிற லோன். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி வாங்கினால் மற்ற நான்கு பேரும் ஜாமீன் கையெழுத்து. ஒருத்தி கட்டாவிட்டால் நான்கு பேரும் கட்ட வேண்டும். என் மனைவி ஐவிதான் அந்தக் குழுவுக்குத் தலைவி. ஐவியும் கூரைத் தகரம் மாற்றத்தான் முதலில் லோன் எடுத்தாள். பிறகு அதை அடைக்க இன்னொன்று. காலை ஆறு மணிக்கு, அவள் மலைக்குப் புறப்படும் முன்பே, போன் அடிக்கத் தொடங்கும். ஒருநாள் ஆத்திரத்தில் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்தாள். அரிசிக்குள் இருந்தும் அது அடித்துக்கொண்டே இருந்தது.

ஐவிக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். எங்கள் மகள் ஜெனுஷாவுக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக இருந்தாள். "எம்புள்ள கையெழுத்து இந்தக் காயிதத்துல விழக் கூடாது. இது என்னோட முடியணும்" என்பாள் ஐவி. அதற்காகவே அவள் எதையும் தாங்கிக்கொண்டாள்.

கிருஷாந்தி செத்தபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தத் துக்கத்துக்குள்ளேயும் ஐவிக்கு ஒரு நிம்மதி இருந்தது. லோன் எடுத்தவர் இறந்தால் மீதியைக் காப்புறுதியில் கழித்துவிடுவோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. மரண அத்தாட்சிப் பத்திரத்தை அவளே அலைந்து வாங்கி அனுப்பிவைத்தாள்.

அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று என் மனைவி பத்திரம் அனுப்பிய அதே வாரத்தில், அதே கம்பெனியின் கடிதத்தை அவள் பெற்றுக்கொண்டாள் என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. எனக்குப் பசி. அதோடு, போஸ்ட்மாஸ்டர் கேள்வி கேட்டால் பதினெட்டு வருஷத்துக் கையெழுத்தும் வெளியே வரும், வேலையும் போகும். பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். செத்தவள் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், பூட்டியிருந்த அவளுடைய கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை அது எங்கள் வாசல் இஸ்தோப்பில் கிடந்தது.

உறை பிரித்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு விரல் தடம். முகர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு.

சின்னப் பிள்ளைகள் கம்பியை விட்டு இழுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காம்பராவின் சாவி ஐவியின் இடுப்பில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, கம்பெனியில் இருந்து பேசும் பெண் ஐவியைக் கூப்பிட்டாள். நல்ல மரியாதையான குரல். ஐவி ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"அம்மா, கிருஷாந்தி அவங்களோட காப்புறுதிக்கு நீங்க அனுப்பின பத்திரம் செல்லாது. அவங்க இருக்காங்கதானே?"

"என்ன மிஸ் சொல்றீங்க? நான்தானே மிஸ் குளிப்பாட்டினேன்."

"எங்ககிட்ட அவங்க கையெழுத்து வந்திருக்கு. நீங்க போட்டிருக்கிற தேதிக்குப் பிறகு."

ஐவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை.

"அதோட அம்மா, நேத்து நானே அவங்ககூட பேசினேன். காசு ஐவி அக்காகிட்ட குடுத்திருக்கேன், புதன்கிழமை கட்டுவாங்கன்னு சொன்னாங்க."

புதன்கிழமைதான் குழுக் கூட்டம். கொழுந்து நிறுத்து முடிந்ததும், நான்கரைக்கு, எங்கள் முன் காம்பராவில் நடக்கும். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஐந்து பேருடைய வாரக் காசும் முழுதாகச் சேரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. பிள்ளை பசியால் அழுதாலும் சரி, மழையில் அடுப்பு விறகு நனைந்தாலும் சரி.

அந்தப் புதன்கிழமை காசு வாங்க வந்தவன் பிரதாப். இருபத்தைந்து வயதுப் பையன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், எங்கள் டிவிஷனுக்குப் புதிது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெயர் வாசித்தான். ஐவி, இருக்கேன் என்றாள். தனுஜாவும் இருக்கேன் என்றாள். இன்னும் இரண்டு பேரும் சொன்னார்கள்.

"கிருஷாந்தி."

பிரதாப் தலையைத் தூக்காமலே வந்ததாகக் கோடு போட்டான்.

பிறகு காசை எண்ணினான்.

"அஞ்சு பேரும் இருக்கீங்க. காசு மட்டும் ஏன் நாலு பேருது?"

"தம்பி, நாலு பேருதான் இருக்கோம்" என்றாள் தனுஜா.

பிரதாப் கதவோரம் பார்த்தான். அங்கே ஐந்தாவது சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

"இப்ப இருந்தாங்களே. துப்பட்டாவால மூஞ்சிய மூடிக்கிட்டு. நான் வரும்போதே வாசல்ல நின்னாங்க. பல்லுவலியான்னுகூட கேட்டேன்."

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாக்கின் நடுவில், ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, ஈரம் இருந்தது. காம்பரா முழுக்கச் சுண்ணாம்பு வாடை.

நான்கு பெண்களுக்கும் எழுந்து ஓட வேண்டும். காசு சேராமல் எழ முடியாது. அந்தச் சட்டத்துக்கு அவர்கள் எவ்வளவு பழகிப்போயிருந்தார்கள் என்று அன்றுதான் கண்டேன். பயத்தில் தனுஜாவின் பல் கிட்டியது, ஆனாலும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் ஐவி உள்ளே போய், ஜெனுஷாவின் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வைத்திருந்த காசைக் கொண்டுவந்து வைத்தாள்.

பிரதாப் போனதும் நான் ஐவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செத்தவ பேருல போட்டீங்களா?" என்றாள்.

"பழக்கத்துல கை போயிருச்சு ஐவி."

"போயி சொல்லுங்க. வேல போனா போகட்டும். அவ பேர எடுத்து விடுங்க."

அந்த ஞாயிறு ஃபாதர் வந்து பக்கத்துக் காம்பராவுக்குத் தீர்த்தம் தெளித்தார். திங்கட்கிழமை மாரியம்மன் கோயில் பூசாரி வந்து அதே கதவில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார். இரண்டு பேரும் இருந்தபோதும் ஐவியின் போன் அடித்தது. இரண்டு முறையும் கம்பெனிதான்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, மல்லிகை வாசம் அடிக்கிற குளிர்ந்த அறை. பொறுப்பாக இருந்தவர் ஜெயகாந்தன் என்று மேசையில் பெயர் இருந்தது. அட்டையில் போட்டது என் கையெழுத்து, அந்தப் பெண் செத்துவிட்டாள், வேண்டுமானால் என்னைப் போலீசில் கொடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு ஃபைலை எடுத்து என் முன்னே விரித்தார்.

அதில் ஆறு அட்டைகள் இருந்தன.

"இதுல எது ஐயா உங்க கையெழுத்து?"

முதலாவது என்னுடையது. என் கையை எனக்குத் தெரியாதா? கீழே இழுத்த கோடு நேராக இருந்தது. மற்ற ஐந்திலும் அந்தக் கோடு கொஞ்சம் மேலே வளைந்து முடிந்திருந்தது. அதுதான் கிருஷாந்தி இழுக்கும் கோடு. ஏழு வருஷமாகப் பார்த்தும் அந்த வளைவை நான் கவனித்ததில்லை.

அந்த ஐந்து கடிதங்களும் என் பைக்கு வரவேயில்லை.

"அவங்க இருக்காங்க, பேசுறாங்க, ஆனா கட்டுறாங்க இல்ல" என்றார் ஜெயகாந்தன். "குழுதான் பொறுப்பு. முடியலன்னா அவங்க எடத்துக்கு ஒரு ஆளச் சேத்து, லோன அந்த ஆள் பேருக்கு மாத்திக்கலாம். உங்க மகள் இருக்காங்கதானே? ஜெனுஷா?"

"எம்மக பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிருஷாந்தி அவங்கதான் போன்ல சொன்னாங்க."

வரும் வழியில் தபாலகத்தில் இறங்கினேன். போஸ்ட்மாஸ்டர் மாத்தயா என்னைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி நாலைந்து முறை தானே வந்து பதிவுத் தபால் வாங்கிக்கொண்டு போனாள் என்றார். பதினொன்றரைக்கு நான் வருவேன், அவள் பதினொன்றுக்கு வந்துவிடுவாளாம். முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாளாம், வாய் திறந்து பேசவில்லையாம். இப்போதாவது ஒருத்தி தன் கையெழுத்தைத் தானே போடுகிறாளே என்று அவருக்குச் சந்தோஷம்.

நான் லயத்துக்குப் போகவில்லை. காலை இழுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.

மணி மூன்று இருக்கும். பகல்தான். ஆனால் பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் தேயிலைச் செடி தெரியவில்லை. ஈர மண் வாடை. எங்கோ வடிகானில் தண்ணீர் ஓடுகிற சத்தம். குளவி கலைந்த நாளில் இருந்து அந்த மலைக்கு யாரும் கொழுந்துக்குப் போகவில்லை, செடிகள் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றன.

போனை எடுத்துக் கிருஷாந்தியின் நம்பரை அழுத்தினேன்.

போனில் மணி அடித்தது.

எனக்கு முன்னால், செடிகளுக்குள்ளேயும் அடித்தது.

நான்கு வாரத்துக்கு மேலாகிவிட்டது. எந்தப் போனில் அத்தனை நாள் சார்ஜ் நிற்கும்?

சத்தம் நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே."

என் காதிலும் கேட்டது, செடிக்குள்ளிருந்தும் கேட்டது. வீங்கிய உதட்டால் பேசுகிற பேச்சு. ஆனாலும் அவள்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"கிருஷாந்தி, என்னைய மன்னிச்சுரும்மா."



"நான் பாதி வழி போயிட்டேண்ணே" என்றாள். "வலியெல்லாம் நின்னிருச்சு. அப்பதான் என் பேரப் போட்டீங்க. திரும்பி வந்துட்டேன். வந்தா மறுபடியும் வலிக்குது."

"நான் என்னம்மா செய்யட்டும்?"

"போன் அடிச்சுக்கிட்டே இருக்குண்ணே. மண்ணுக்குக் கீழ கெடந்தாலும் விடமாட்டேங்கிறாங்க. எடத்துக்கு ஒரு ஆளக் காட்டினா என்னைய விட்டுருவாங்களாம்."

"எம்புள்ள வேணாம்மா. அவ உன்னைய அக்கா அக்கான்னு சுத்தி வந்தவ. என்னைய எடுத்துக்க. என் பேரச் சொல்லு."

செடிகள் அசைந்தன. அவள் அழுதாளா, சிரித்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பொம்பளைங்களுக்கு மட்டுந்தாண்ணே அந்த லோன் குடுக்கிறாங்க."

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. இறங்கி வரும்போது வேட்டியெல்லாம் நனைந்திருந்தது, உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நான் எதையும் தொடவில்லை.

ஐவியிடம் சொன்னேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்றே ஜெனுஷாவின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள். மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். கட்டுநாயக்கவில் கார்மண்ட்ஸ் வேலை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் இல்லாத இடமாகத் தேடி, ஒரு கிழவியின் போடிங்கில் தனி ரூம் எடுத்தேன். அந்த விலாசத்தை நான் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. தனுஜாவிடமும் சொல்லவில்லை. ஃபாதரிடமும் சொல்லவில்லை. ஜெனுஷாவுக்குப் புதுச் சிம் வாங்கிக் கொடுத்தேன். அந்த நம்பர் எனக்கும் ஐவிக்கும் மட்டும்தான் தெரியும்.

"அப்பா, என்னைய ஏன் இப்படி ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்டி" என்றேன். "எந்தக் காயிதம் வந்தாலும் வாங்காத. எங்கயும் கையெழுத்துப் போடாத. அப்பா சொல்றன்ல?"

"நான் ஏன்ப்பா போடப் போறேன்?" என்று சிரித்தாள். பிள்ளை சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஐவி கிருஷாந்தியின் வாரக் காசையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினாள். விடிய மலைக்குப் போய், பின்னேரம் துரை பங்களாத் தோட்டத்தில் களை பிடுங்கி, ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவரின் மரக்கறித் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டினாள். ஒரு நேரச் சாப்பாட்டை விட்டாள். நான் தப்பால் பைக்குப் பிறகு டவுனில் கடையொன்றில் மூட்டை இறக்கினேன். கால் வீங்கியது, பரவாயில்லை என்றிருந்தேன். உள்ளுக்குள் எனக்கு வேறு ஒரு வலி இருந்தது, அதற்கு இது மருந்து மாதிரி இருந்தது.

மூன்று வாரம் போனது. ஆச்சரியமாக, கிருஷாந்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு அடிக்கும் போன் நின்றுவிட்டது. புதன்கிழமைக் கூட்டத்தில் பிரதாப் நான்கு பெயர்தான் வாசித்தான். பதிவுத் தபாலும் வரவில்லை. பக்கத்துக் காம்பராவின் சுண்ணாம்பு வாடையும் போய்விட்டது. ஐவி பல நாளைக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து தலை வாரினாள். "போயிருச்சு போல" என்றாள் மெதுவாக. நானும் அப்படித்தான் நம்பினேன். கடனில் இருந்து ஒரு ஆள் தானாகக் கழிந்து போக மாட்டார் என்று பதினெட்டு வருஷம் நோட்டீஸ் சுமந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது வாரம், சனிக்கிழமை பின்னேரம், ஜெனுஷா கூப்பிட்டாள். அப்போதுதான் வேலை முடித்து ரூமுக்கு வந்திருந்தாள். தேத்தண்ணி ஊத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நீங்க எனக்குப் பதிவுத் தபால் ஏதும் போட்டீங்களா?"

"இல்லையேடி. ஏன்?"

"பகல் ஒன்னு வந்துச்சாம். நான் வேலையில இருந்தேன்."



"யாரு வாங்கினா? வீட்டுக்காரம்மாவா?"

"இல்லப்பா. ஆன்ட்டி சொல்றாங்க, என் ரூம்ல இருக்கிற அக்கா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாங்களாம். மூஞ்சியெல்லாம் வீங்கியிருந்துச்சாம். பாவம்னு ஆன்ட்டி பனடோல்கூட குடுத்தாங்களாம். அப்பா, என் ரூம்ல யாரும் இல்லையே. நான் மட்டுந்தானே இருக்கேன்."

"கையெழுத்து யாரு பேருல?"

"என் பேருலதாம்ப்பா."

"ஜெனுஷா, இப்பவே எழும்பி ஆன்ட்டி வீட்டுக்குள்ள போ. பையெல்லாம் கெடக்கட்டும். அப்பா ராவைக்கே புறப்பட்டு வர்றேன்."

"சரிப்பா. இருங்க, இன்னொரு கோல் வருது. தெரியாத நம்பர்."

"எடுக்காத!"

அதற்குள் எடுத்துவிட்டாள். ஒரு கோலை நிறுத்திவைத்து இன்னொன்றை எடுத்தால், நிறுத்திவைத்த பக்கத்துக்கு ஒன்றும் கேட்காது. எல்லோருக்கும் தெரியும் அது. எனக்குக் கேட்டது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, ரொம்ப மரியாதையாக, ஒரு பெண் பேசினாள்.

"ஆமா மிஸ், ஜெனுஷாதான் பேசுறேன். புதன்கிழமை கட்டிருவேன் மிஸ்."

பக்கத்துக் காம்பராவில் ஏழு வருஷம் நான் கேட்ட குரல் அது.